மீண்டும் காணும் போர்க்களம்

நுழையும்முன்

முடிவு தெரிந்த கதையை மக்கள் ஏன் மறுபடியும் பார்க்கின்றனர்? சிறந்த போர்த் திரைப்படங்கள் இவ்வினாவிற்கு விடை தருகின்றன. முதல்முறை வெற்றியைத் தேடும் கண், மறுமுறை அவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலையைக் காண்கிறது.

கல் சொல்லும் போர்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலைக்கு அருகில் பத்மநாபபுரம் அரண்மனையும் உதயகிரிக் கோட்டையும் அமைந்துள்ளன. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை, டச்சுப் படையை வென்றது. தோற்ற தரப்பைச் சேர்ந்த தே லன்னாய், பின்னர் அம்மன்னரின் வீரர்களுக்கே பயிற்சியளித்துப் படைத்தலைவராக உயர்ந்தார். 1777இல் மறைந்த அவரது கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. நேற்றைய பகைவர் இன்றைய காவலராகலாம் என்பதை அக்கல் உணர்த்துகிறது. பகைவரையும் மனிதராகக் காட்டும் படமே காலத்தை வென்று நிற்கிறது.

அறிந்த முடிவு, அலுக்காத காட்சி

பி. ஆர். பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959இல் வெளிவந்தது. கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதைப் பார்வையாளர் முன்பே அறிவர். ஆகவே, ‘அடுத்து என்ன நிகழும்?’ என்னும் ஆவல் அப்படத்தின் வலிமையன்று. சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடலும் சிவாஜி கணேசனின் குரலில் அமைந்த ஏற்ற இறக்கமுமே மக்களை மீண்டும் மீண்டும் ஈர்த்தன. அவ்வுரையாடல் பள்ளி மேடைகளிலும் முழங்கியது. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மறுமுறை பார்ப்போர்க்கு மற்றொன்றும் புலப்படும். 1798இல் இராமநாதபுரத்தில் கட்டபொம்மனும் ஜாக்சனும் சந்தித்தது வரலாறு. திரையில் ஒலிக்கும் சொற்போரோ எழுத்தாளரின் படைப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிவது கலைச்சுவையைக் குறைப்பதில்லை, பார்வையைக் கூர்மையாக்குகிறது.

வென்றவர் யார்?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்கள்’ 1954இல் வெளிவந்தது. கொள்ளையரிடமிருந்து ஒரு சிற்றூரைக் காக்க எழுவர் போரிடுகின்றனர், மூவரே எஞ்சுகின்றனர். இறுதிக் காட்சியில் உழவர்கள் பாடியபடி நாற்று நடுகின்றனர். அம்மூவரும் தோழர்களின் புதைமேடுகளை நோக்கி நிற்கின்றனர். வெற்றி உழவர்களுடையதே என்று அவர்களின் தலைவர் கருதுகிறார். முதல்முறை வாள்வீச்சில் மயங்கியவர், மறுமுறை அந்த வயலைக் காண்கிறார். நெல் விளையும் நாஞ்சில் நாட்டினருக்கு அக்காட்சி அயலானதன்று.

காத்தால்தான் காணலாம்

சி. வி. இராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட மலையாள வரலாற்றுப் புதினம் ‘மார்த்தாண்ட வர்மா’. அரியணை உரிமைக்காக நிகழ்ந்த சூழ்ச்சிகளையும் மோதல்களையும் அது பேசுகிறது. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கத்தில் 1933இல் அது ஊமைப்படமாக வெளிவந்தது. புதினத்தின் பதிப்புரிமை தொடர்பான வழக்கினால் திரையிடல் விரைவிலேயே நின்றுபோனது. மறுமுறை காணும் வாய்ப்பு, மக்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது. எனினும் படச்சுருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்து நிலைபெற்றது.

கோட்டை மதிலில் ஒரு கல் பெயர்ந்தால் மற்றொரு கல்லை வைக்கலாம். படச்சுருள் சிதைந்தால் அக்காட்சி மீளாது. ஆதலால், நல்ல படத்தைப் போற்றுவது என்பது அதனைப் பாராட்டுவதோடு முடிவதில்லை. அடுத்த தலைமுறையும் கண்டு வினவுமாறு காப்பதும் ஆகும். போரின் விலையை மறவாத சமூகமே அமைதியின் அருமையை உணரும்.