நலிவுற்ற பொதி விநியோகத் தொழிலைப் பொறுப்பேற்றல்: கையெழுத்திடுமுன் அறியவேண்டியவை

நாலைந்து வான்களையும் சில ஓட்டுநர்களையும் கொண்டு நடக்கும் சிறிய பொதி விநியோகத் தொழில், நலிவடையும் வேளையில் பெரும்பாலும் அறிந்தவர் ஒருவரிடமே கைமாறுகிறது. உரிமையாளர் களைத்திருப்பார், அல்லது பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விலகியிருப்பார். உறவினரோ நண்பரோ சிறு தொகை கொடுத்து அதைப் பொறுப்பேற்க முன்வருவார். விலை குறைவாக இருப்பது வாய்ப்பாகத் தோன்றும். ஆனால் விலை குறைந்திருப்பது பெரும்பாலும் சுமை கூடியிருப்பதனாலேயே. அச்சுமையில் எது உங்களைத் தொடரும், எது தொடராது என்பதைக் கையெழுத்திடுமுன் பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம். கையெழுத்திட்ட பின்னர் மொழிபெயர்க்கக் கொண்டுவரப்படும் ஒப்பந்தத்தை விளக்க முடியும், மாற்ற முடியாது.

ஒரு பவுணுக்கு விற்கப்பட்ட நிறுவனம்

1969இல் தொடங்கப்பட்ட சிற்றி லிங்க், பிரித்தானியாவில் நன்கு அறியப்பட்ட பொதி விநியோக நிறுவனமாக இருந்தது. தொடர்ந்து நட்டத்தில் ஓடிய அதனை, ரென்டோகில் இனிஷியல் நிறுவனம் 2013 ஏப்ரலில் பெற்றர் கப்பிட்டல் என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு ஒரு பவுணுக்கு விற்றது. புதிய உரிமையாளர் 4 கோடி பவுண் முதலீடு செய்தும் தொழில் மீளவில்லை. 2014 டிசம்பர் 24 அன்று நிறுவனம் வங்குரோத்து நிர்வாகிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆண்டின் இறுதி நாளன்று 2,356 பேரின் வேலைநீக்கம் அறிவிக்கப்பட்டது.

நிறுவனம் வீழ்ந்தபோது யார் எவ்விடத்தில் நின்றனர் என்பதே நாம் கவனிக்கவேண்டியது. கடனுக்கு ஈடு பெற்றிருந்த முதலீட்டாளர் வரிசையின் முன்பகுதியில் நின்றார். ஊழியர்களுக்குச் சட்டம் வரையறுத்த வேலைநீக்கக் கொடுப்பனவு தேசிய காப்புறுதி நிதியிலிருந்து கிடைத்தது. தமது சொந்த வான்களை ஓட்டிய சுயதொழில் ஓட்டுநர்களுக்கு அக்கொடுப்பனவும் இல்லை, ஈடும் இல்லை. அவர்கள் வரிசையின் கடைசியில் நின்றனர். சிறு தொழிலிலும் இவ்வரிசை இதுவே.

கம்பனியை வாங்குகிறீர்களா, தொழிலை வாங்குகிறீர்களா?

வைட்சப்பல் ஹை ஸ்ட்ரீட்டில் சப்பாத்துத் தொழில் நடத்திய ஆரன் சாலமன், தம் தொழிலை வரையறுக்கப்பட்ட கம்பனியாக மாற்றினார். அக்கம்பனி முறிந்தபோது எழுந்த வழக்கில், கம்பனி வேறு, அதன் உரிமையாளர் வேறு என 1896இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கிழக்கு லண்டனில் பிறந்த அவ்விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி உங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, கம்பனியின் பங்குகளை வாங்குதல். கம்பனி அதே கம்பனியாகவே தொடர்கிறது. உரிமையாளர் மட்டுமே மாறுகிறார். ஆகவே வரிப் பாக்கி, வங்கிக் கடன், செலுத்தாத தண்டப் பணம், நிலுவையிலுள்ள வழக்கு ஆகிய அனைத்தும் கம்பனிக்குள்ளேயே இருக்கும்.

இரண்டாவது, தொழிலையும் உடைமைகளையும் மட்டும் வாங்குதல். வான்கள், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள், தொழிற்பெயர் போன்றவற்றைப் பட்டியலிட்டு வாங்குகிறீர்கள். விற்பவரின் பழைய கடன்கள் பொதுவாக அவருடனேயே நிற்கும். ஆயினும் வாடிக்கையாளரின் சம்மதமின்றி அவரது ஒப்பந்தமும், நில உடைமையாளரின் சம்மதமின்றிக் களஞ்சியக் குத்தகையும் உங்களுக்கு மாறுமென எண்ணலாகாது. விற்பவரின் வற் பதிவிலக்கத்தையே தொடர்ந்து பயன்படுத்தச் சம்மதித்தால், அவரது வற் பாக்கியையும் ஏற்றவராவீர்கள். புதிய இலக்கம் பெறுவதே பாதுகாப்பானது.

எவ்வழியாயினும், கம்பனீஸ் ஹவுஸ் இணையத்தளத்தில் அக்கம்பனியின் கணக்கறிக்கைகளையும், அதன் உடைமைகள்மீது பதிவான ஈடுகளையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கணக்கறிக்கை காலம் தாழ்த்திப் பதிவாகியிருப்பின் அதற்குரிய காரணத்தைக் கேளுங்கள்.

ஊழியர்களை விட்டுவிட்டு வாங்க முடியாது

உடைமைகளை மட்டுமே வாங்கினேன், ஆட்களை வாங்கவில்லை என்று கூறுவது செல்லாது. டியூப்பி எனப்படும் 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, தொழில் கைமாறும்போது அதன் ஊழியர்களும் தன்னியல்பாகவே புதிய உரிமையாளரிடம் மாறுகின்றனர். அவர்களது சம்பளம், விடுமுறை, சேவைக்காலம் எதுவும் குறையாது. பத்தாண்டு பணிசெய்தவர் உங்களிடமும் பத்தாண்டு சேவையுடையவரே. பழைய உரிமையாளர் செலுத்தாத சம்பளத்தையும் பொதுவாக நீங்களே செலுத்தவேண்டும். தொழில் மாறியதைக் காரணமாகக் கொண்டு ஒருவரை நீக்கினால், உரிய பொருளாதார, தொழில்நுட்ப அல்லது அமைப்புசார் காரணம் இருந்தாலன்றி, அது நியாயமற்ற வேலைநீக்கமாகவே கருதப்படும்.

ஊழியர் விபரங்களைக் கைமாற்றத்துக்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன்னர் எழுத்தில் தருவது விற்பவரின் கடமை. ஊழியர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துக் கலந்தாலோசிப்பதும் கட்டாயம். தவறினால் ஊழியர் ஒருவருக்கு 13 வாரச் சம்பளம்வரை இழப்பீடு விதிக்கப்படலாம்.

ஓட்டுநர்கள் அனைவரும் சுயதொழில் செய்வோர் என்று விற்பவர் கூறினால், அதனை அப்படியே ஏற்காதீர்கள். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பெயரைவிட, வேலை உண்மையில் எவ்வாறு நடக்கிறது என்பதே முக்கியம் என ஊபர் வழக்கில் 2021 பெப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வோட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடனான விடுமுறையும் உரித்தாயின. மாறாக, டெலிவெரூ ஓட்டுநர்கள் தமக்குப் பதிலாக இன்னொருவரைத் தாராளமாக அனுப்பக்கூடியவராக இருந்தமையால், தொழிற்சங்க உரிமை தொடர்பான வழக்கில் 2023 நவம்பரில் அவர்களது கோரிக்கை தோல்வியுற்றது. 2019இல் லண்டன் தொழில் தீர்ப்பாயம் ஒன்று, முழு ஊழியர் அல்லாத சைக்கிள் கூரியர்களுக்கும் டியூப்பி பாதுகாப்பு உண்டு எனக் கூறியது. அது பிற தீர்ப்பாயங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் வாங்குபவருக்கு எச்சரிக்கையாக அமைகிறது. வேலைநேரத்தையும் பாதையையும் கூலியையும் தீர்மானிப்பவர் யார், ஓட்டுநர் மாற்றாளை அனுப்ப முடியுமா என்று ஓட்டுநர்களிடமே கேட்டறியுங்கள்.

வான்களைத் தனித்தனியே பாருங்கள்

வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பது உடைமைக்குச் சான்றன்று. வான் தவணைக் கொள்வனவில் இருப்பின், இறுதித் தவணை செலுத்தப்படும்வரை அது நிதி நிறுவனத்துக்கே சொந்தம்.

2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ் வலயம் லண்டனின் எல்லா மாநகரப் பிரிவுகளுக்கும் விரிந்துள்ளது. பொதுவாக டீசல் வான் யூரோ 6 தரத்தையும், பெற்றோல் வான் யூரோ 4 தரத்தையும் எட்டியிருக்க வேண்டும். எட்டாத வானுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டணம். ஆண்டில் 300 நாட்கள் ஓடினால் ஒரு வானுக்கு 3,750 பவுண். நான்கு வான்களுக்கு 15,000 பவுண். விற்பவர் காட்டும் இலாபத்தில் இத்தொகை கழிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

கூலிக்குப் பொதி ஏற்றுவதை உள்ளடக்கிய வாகனக் காப்புறுதி தேவை. ஊழியர் இருப்பின் 50 இலட்சம் பவுணுக்குக் குறையாத தொழில்தருநர் பொறுப்புக் காப்புறுதியும் கட்டாயம். 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனத்துக்கான இயக்குநர் உரிமத்தைக் கைமாற்ற முடியாது. தொழிலை மட்டும் வாங்குபவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

உங்கள் வீட்டைத் தொடும் கையெழுத்து

கம்பனி வேறு, நீங்கள் வேறு என்ற பாதுகாப்பை ஒரே கையெழுத்து நீக்கிவிடும். வங்கியோ நில உடைமையாளரோ தனிப்பட்ட பிணை கேட்டு, அதில் நீங்கள் கையொப்பமிட்டால், கம்பனியின் கடன் உங்கள் கடனாகும். கணவரின் தொழிற்கடனுக்கு மனைவியின் வீட்டுப் பங்கு ஈடாக வைக்கப்படும்போது, அவர் வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெறுவதற்குரிய நடவடிக்கைகளை வங்கி எடுக்கவேண்டும் என 2001இல் பிரபுக்கள் சபை வகுத்தது. மனைவி தனியாகச் சென்று, தமக்கு விளங்கும் மொழியில் அவ்வாலோசனையைப் பெறுவது நன்று. அதனைச் சடங்காகக் கருதாதீர்கள்.

உறவினருக்கு உதவும்பொருட்டுப் பெயரளவில் பணிப்பாளராகப் பதிவாவதும் நம்மிடையே உண்டு. சட்டம் பெயரளவுப் பணிப்பாளர் என்று எவரையும் தனியே விலக்குவதில்லை. மீளமுடியாதெனத் தெரிந்தும், அல்லது தெரிந்திருக்க வேண்டியிருந்தும், கடனைப் பெருக்கியபடி கம்பனியை நடத்தும் பணிப்பாளர், 1986ஆம் ஆண்டின் வங்குரோத்துச் சட்டத்தின்கீழ் தம் சொந்தப் பணத்தில் ஈடுசெய்ய நேரலாம்.

சீட்டுப் பணத்தையோ உறவினரின் சேமிப்பையோ இதில் இடுவதாயின், அது கடனா பங்கா, எப்போது திருப்பித் தரப்படும் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். எழுத்து நம்பிக்கையீனத்தின் அடையாளமன்று. உறவைக் காக்கும் வேலி.

முதல் மாதம்

பொறுப்பேற்றதும் வாரந்தோறும் வரவையும் செலவையும் முன்கூட்டிக் கணித்து எழுதுங்கள். ஒவ்வொரு பாதையிலும் ஒரு பொதிக்கு எரிபொருள், கூலி, கட்டணம் என என்ன செலவாகிறது எனப் பாருங்கள். நட்டத்தில் ஓடும் பாதையில் பொதி கூடினால் நட்டமே கூடும். ஒப்பந்தத்தில் வேறு காலக்கெடு இல்லையெனில், வணிக வாடிக்கையாளர் 30 நாட்களுக்குள் பணம் செலுத்தவேண்டும். தவறினால் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வீதத்துடன் 8 சதவீதம் சேர்த்து வட்டி கோர 1998ஆம் ஆண்டின் சட்டம் இடமளிக்கிறது. வரி செலுத்த இயலாவிடின், அறிவித்தல் வரும்வரை காத்திராமல் எச்எம்ஆர்சியிடம் தவணை ஏற்பாடு கேளுங்கள்.

கையெழுத்திடுமுன் விடை காணவேண்டிய ஐந்து கேள்விகள்

1. நான் வாங்குவது கம்பனியையா, தொழிலை மட்டுமா?
2. என்னிடம் மாறவுள்ள ஊழியர் யாவர்? அவர்களுக்குச் செலுத்தப்படாதது எவ்வளவு?
3. ஒவ்வொரு வானும் யாருக்குச் சொந்தம்? அது யூலெஸ் தரத்தை எட்டியதா?
4. எந்தத் தாளில் நானோ என் துணைவரோ தனிப்பட்ட பிணை வழங்குகிறோம்?
5. மிகப்பெரிய வாடிக்கையாளர் நாளை விலகினால் எத்தனை வாரம் தாக்குப்பிடிப்பேன்?

ஒன்றுக்கேனும் எழுத்தில் விடை இல்லையெனில், கையெழுத்தைத் தள்ளிவையுங்கள்.

உதவி பெறுமிடங்கள்

ஊழியர் உரிமைகள் பற்றி ஏகாஸ் அமைப்பிடம் கேட்கலாம்: 0300 123 1100. தொழிற்கடன் பற்றி பிஸ்னஸ் டெட்லைன் இலவச ஆலோசனை வழங்குகிறது: 0800 197 6026. சென் பன்கிராசிலுள்ள பிரித்தானிய நூலகத்தின் வணிக நிலையத்தில் தொழில் தொடங்குவோருக்கான வழிகாட்டலைப் பெறலாம். அழைக்கும்போது தமிழ் உரைபெயர்ப்பாளர் கிடைப்பாரா எனக் கேளுங்கள். இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. உங்கள் ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடமும் கணக்காளர் ஒருவரிடமும் காட்டியே முடிவெடுங்கள்.