டைக்கோ பிராகியின் இலத்தீன் பாக்கள்

டைக்கோ பிராகி என்னும் டேனிஷ் பிரபுவை வானசாஸ்திரியாகவே நம் மாணவர் அறிவர். தொலைநோக்காடி தோன்றுமுன் வெறுங்கண்ணாலே விண்மீன்களின் நிலைகளை நுட்பமாய் அளந்தவர் அவர். அவ்வளவைகளைக் கொண்டே கெப்ளர் கோள்களின் நெறியைக் கண்டார். அவர் இலத்தீனிற் கவி புனைவதிலும் வல்லவர் என்பதைப் பலர் அறியார். அவருடைய உள்ளத்தை அறிய அப்பாக்கள் பெருந்துணை செய்வன. அவருடைய வழக்கைத் தீர்க்க அவை மட்டும் போதா.

அவர் 1546ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், இன்று சுவீடனுக்குரியதும் அன்று டென்மார்க்கைச் சேர்ந்ததுமாகிய ஸ்கோனே நாட்டிற் பிறந்தார். அவருடன் பிறந்த இரட்டைக் குழந்தை ஞானஸ்நானம் பெறுமுன்னரே மறைந்தது. 1572இல் அக்குழந்தையின் பொருட்டு அவர் இயற்றிய இலத்தீன் பாட்டே அச்சேறிய அவரது முதற் படைப்பென்பர்.

அவ்வாண்டு நவம்பர் 11ஆம் நாள் மாலை, கசியோப்பியா என்னும் மீன்கூட்டத்தில் முன்பு காணாத ஒளி மிக்க விண்மீன் ஒன்றைக் கண்டார். அதைப் பற்றிய நூல் 1573இல் கோபன்ஹேகனில் வெளிவந்தது. பிரபு குலத்தார் நூலெழுதி அச்சிடுதல் இழுக்கென்று கருதப்பட்ட காலம் அது; அவரும் முதலில் தயங்கினார். அந்நூலின் இறுதியில் வானநூற் கலைமகளாகிய யுரேனியாவை நோக்கிய நெடும்பாட்டொன்று உளது. போர்ப் புகழையும் பழங்குடிப் பெருமையையும் அரசர் தயவையும் பிறர் நாடட்டும். தமக்கு விண்மீன்களை நோக்குதலே போதும் என்கிறார். கணித நூலின் முடிவில் இப்படியொரு பாட்டு வருவது நமக்கு வியப்பே. ஆயின் தம் குலத்தாருக்கு நேரிற் கூற இயலாததை அவர் அங்கே கூறிவிட்டார்.

இப்பாட்டின் யாப்பு ஓவிட் என்னும் உரோமப் புலவர் கையாண்டது. முதலடி ஆறு சீர், அடுத்தது ஐந்து சீர். நாற்சீரடியை முச்சீரடி தொடரும் நம் குறள் வெண்பாவைப் போல, இரண்டாமடி சற்றே குறுகி நிற்பதே இதன் அழகு.

1576இல் அரசர் இரண்டாம் பிரெடெரிக் ஹ்வேன் என்னும் சிறு தீவை அவருக்கு அளித்தார். அங்கே யுரேனிபோர்க் என்னும் மாளிகை எழுந்தது. வான்நோக்குக் கருவிகளோடு அச்சுக்கூடமும் காகித ஆலையும் அமைந்தன. 1594இல் தம் தங்கை சோபியாவின் காதலைப் பற்றி ஒரு நீண்ட கவிதை இயற்றினார். அவளை மணக்கவிருந்த எரிக் லாங்கே இரசவாதத்திற் பொருளையெல்லாம் இழந்து அயல்நாட்டில் அலைந்தவர். பிரிவாற்றாது அவள் எழுதும் கடிதமாக அப்பாட்டு அமைந்துளது. அவருடைய பாக்களுள் இதுவே மிக மென்மையானது என்பது என் கருத்து.

1588இல் பிரெடெரிக் இறந்தார். 1596இல் முடிசூடிய நான்காம் கிறிஸ்தியான் (இவர் காலத்திலேதான் 1620இல் நம் தரங்கம்பாடி டேனியர் கைக்கு வந்தது) வானநூலுக்குப் பழைய தயவைக் காட்டவில்லை, மானியங்கள் குறைந்தன. 1597இல் டைக்கோ தம் குடும்பத்தோடும் கருவிகளோடும் நாட்டை நீங்கி, ஹம்பர்க் நகரையடுத்த வாண்ட்ஸ்பெக்கில் தங்கினார். அவ்வாண்டே டென்மார்க்கை விளித்து ஓர் இரங்கற்பா எழுதினார். தாய்நாட்டுக்குத் தாம் இழைத்த குற்றம் யாதென வினவி, அதன் பெயரை உலகறியச் செய்தமைக்கு இதுவோ கைம்மாறென முறையிடுகிறார். கருங்கடற் கரைக்குத் துரத்தப்பட்ட ஓவிட்டின் புலம்பல் அதில் எதிரொலிக்கின்றது. படிப்போர் உள்ளம் உருகும்.

ஆயினும் ஹ்வேன் தீவில் வேறு முறையீடும் இருந்தது. தம் மேல் சுமத்தப்பட்ட வேலை மிகுதியென்று தீவின் உழவர் அரசரிடம் முறையிட்டனர். 1578இல் அவர்கள் தீவை விட்டு நீங்கலாகாதென ஆணை பிறந்தது. 1581இல் ஒவ்வொரு பண்ணையாரும் வாரத்தில் 2 நாள், சூரியன் உதித்தது முதல் மறையுமளவும் டைக்கோவுக்கு உழைக்க வேண்டுமென விதிக்கப்பட்டது. அரசர் கிறிஸ்தியான் 1597இல் அவருக்கு விடுத்த கடுமையான மறுமொழியிலும் இவ்வுழவரின் குறை இடம்பெற்றது. அரசருடைய சினத்திற்கு வேறு காரணங்களும் உண்டாதலின், அக்கடிதத்தை முற்றும் நம்புதல் தகாது. ஆனால் கற்களைச் சுமந்தோர் இலத்தீன் அறியார். அவர்கள் துயரைப் பாடிய புலவரும் இலர்.

டைக்கோ 1599இல் பிராகா நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்பின் ஆதரவை அடைந்து, 1601 அக்டோபர் 24ஆம் நாள் அங்கே காலமானார். அவர் மறைந்தபின் யுரேனிபோர்க் மாளிகையும் இடிக்கப்பட்டது.