ஸ்டியரிங் நடுங்குதா, சத்தம் போடுதா? கராஜுக்குப் போகுமுன் ஒரு பார்வை

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தாலும், விலையைக் கேட்டுவிட்டு நம்மில் பலர் பழைய மாருதியோடும் டவுனேஸ் வேனோடும்தான் காலம் ஓட்டுகிறோம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானைப் பக்கத் தோட்டப் பாதையில் முதலில் தேய்வது வண்டியின் முன்பக்கம். அது காட்டும் அறிகுறிகளை முற்றத்திலேயே படித்துக்கொள்ளச் சில வழிகள்:

1. மழையில் இறப்பர் மலையேறி வந்த வண்டி, மறுநாள் அவிசாவளை ரோட்டில் நடுங்கினால், வீல் பேலன்ஸுக்குக் காசு கட்டுமுன் ரிம்மின் உட்பக்கத்தைப் பாருங்கள். எங்கள் ஆல்ட்டோவில் ஒரே சக்கரத்திலிருந்து இரண்டு கை நிறையக் காய்ந்த மண்ணை உரித்தெடுத்தோம். ஒரு குச்சி, ஒரு வாளித் தண்ணீர், அன்றோடு நடுக்கம் போயிற்று.

2. கழுவியும் 80 கிலோமீற்றர் வேகத்தை நெருங்கும்போது மட்டும் நடுங்கினால் பேலன்ஸ் பாருங்கள். பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்கினால் அது டிஸ்க்கின் கோளாறு. பலாங்கொடை இறக்கங்களில் பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல் இரண்டாம் கியரில் இறங்குங்கள், டிஸ்க்கும் பேடும் நீண்ட நாள் வரும்.

3. டயர் மாற்றிய மறுநாளே நடுக்கம் வந்தால் அங்கேயே நிறுத்தி வீல் நட்டுகளை இறுக்குங்கள். எப்போது சக்கரம் கழற்றிப் பூட்டினாலும், 50 கிலோமீற்றர் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது நல்லது.

4. கல் ரோட்டில் வந்ததும் ‘கிரீச்’ என்று இரும்பு உரசினால் பயப்படாதீர்கள். டிஸ்க்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே சிறு கல் மாட்டியிருக்கலாம், மெதுவாகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால் பிரேக் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

5. சூரியகந்தைப் பக்கத்து ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது ‘டக் டக் டக்’ கேட்டால் சி.வி. ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது. இது ஒரே நாளில் வருவதில்லை. முதலில் அதன் இறப்பர் உறை கிழியும், கிறீஸ் சக்கரத்தின் உட்பக்கமெங்கும் தெறிக்கும், பிறகுதான் மண் உள்ளே போய் ஜாயிண்டைத் தின்னும். மாதம் ஒருமுறை சக்கரத்தை ஓரமாகத் திருப்பி டோர்ச் அடித்துப் பாருங்கள். கிழிந்தவுடன் கண்டுபிடித்தால் உறையும் கிறீஸும் போதும், விட்டுவிட்டால் ஜாயிண்டையே மாற்ற வேண்டும்.

6. நின்ற இடத்தில் திருப்பும்போது ‘ம்ம்ம்’ என்று முனகினால் பவர் ஸ்டியரிங் ஒயில் குறைந்திருக்கும். ஊற்றினால் மட்டும் போதாது, எங்கே கசிகிறது என்றும் பாருங்கள். மோட்டரில் ஓடும் ஸ்டியரிங் உள்ள வேகன் ஆர் போன்ற வண்டிகளுக்கு இந்த ஒயிலே கிடையாது, அதற்கென்று பில் வந்தால் கேளுங்கள்.

7. குழியில் விழும்போது ‘கட கட’ என்றால் இரண்டு பேர் வேண்டும். சம தரையில் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, இரு பக்கமும் பிடித்து ஆட்டுங்கள். யாரும் வண்டிக்கடியில் போகவே கூடாது. இடம் வலமாக ஆடினால் டை ரொட் எண்ட், மேல் கீழாக ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும், ஆகவே ஆட்டம் தெரிந்த வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள்கூட ஏற்றாதீர்கள். டை ரொட் எண்ட் மாற்றினால் அலைன்மென்டும் செய்தே ஆகவேண்டும், இல்லையென்றால் டயரில் நஷ்டம்.

8. முன்பக்கப் புஷ் ‘கீச் கீச்’ என்றால் சவர்க்காரத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். தேங்காயெண்ணெய், பழைய ஒயில் மட்டும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறப்பர் ஊதிப் பிசுபிசுத்துப்போகும் என்பது இறப்பர் நாட்டுக்காரர்களான நமக்குத் தெரியாததல்ல.

9. வேகத்தோடு கூடும் ‘ஊம்’ சத்தம் இடப்பக்கம் திருப்பும்போது பெருத்தால் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகியுங்கள், வலப்பக்கம் திருப்பும்போது பெருத்தால் இடப்பக்கம். 2003இலும் 2017இலும் களு கங்கை பெருகியபோது இரத்தினபுரியில் பார்த்த மாதிரி வெள்ளத்தில் சக்கரம் மூழ்கியிருந்தால், சத்தம் வருமுன்பே பேரிங்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

10. கராஜில் வந்து நின்றதும் சத்தம் ஒளிந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவர் போனில் பதிந்துகொள்ளட்டும். எந்த வேகம், எந்தப் பக்கம் திருப்பும்போது, பிரேக்கிலா பிரேக் இல்லாமலா என்று ஒரு துண்டில் எழுதி பாஸிடம் கொடுங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடும் கூலி மிச்சம்.

11. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்புக்குப் போகிறவரிடம் பஞ்சிகாவத்தைக்குக் கொடுத்தனுப்பும்போது, பெயரைச் சொல்வதைவிட அதைக் காட்டினால்தான் சரியான அளவு வந்து சேரும்.