அடிவட்டத்தில் அரை மில்லி

பழைய பெட்ரோல் அம்பாசிடரில் 1489 சி.சி. என்ஜின், 55 குதிரைத்திறன். அவ்வளவுதான் அதன் சக்தி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அடிப்படையில் அது பி.எம்.சி. 'பி' சீரிஸ் என்ஜின். இங்கிலாந்தில் 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே குடும்பத்து என்ஜின்தான், அதே 1489 சி.சி. அங்கே அது முதலில் 68, பிறகு 72 குதிரைத்திறன் கொடுத்தது. இரட்டைக் கார்புரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன், அவற்றோடு வேறு கேம் ஷாஃப்ட். மூன்றையும் நாம் செய்யத் தேவையில்லை. இருக்கிற கேம் ஷாஃப்ட்டையே கிரைண்டிங் கொடுத்து, எம்.ஜி.ஏ. பக்கம் பாதி தூரம் நகர்ந்தால் போதும். நெடுஞ்சாலையில் ஓவர்டேக் எடுக்கும்போது வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

என் வண்டிக்கு இந்த வேலையைக் கோயம்புத்தூரில் செய்தேன். கிராங்க் கிரைண்டிங் பட்டறைகள் எங்கும் உண்டு. கேம் கிரைண்டிங் வேறு வித்தை. மாஸ்டர் கேம் ஒன்றைப் பின்பற்றி மெஷின் முன்னும் பின்னும் அசைந்து ஒவ்வொரு லோப்பையும் கடைந்தெடுக்க வேண்டும். எனவே பட்டறைக்குப் போனதும் கேட்க வேண்டியது விலை அல்ல, "எந்தெந்த மாஸ்டர் வெச்சிருக்கீங்க?" என்பதுதான். டிராக்டர் மாஸ்டர் மட்டும் வைத்திருப்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

சாணைக்கல் உலோகத்தை எடுக்கும், சேர்க்காது. அப்படியானால் வால்வு எப்படிக் கூடுதலாகத் திறக்கும்? நான் போன பட்டறையில் பெரியவர் ஷாஃப்ட்டை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜை ஓட்டியபடியே சொன்னார்: "மூக்கைத் தொடமாட்டேனுங்க தம்பி. அடிவட்டத்துலதான் எடுப்பேன். பள்ளம் ஆழமானா மேடு தானா உசந்துக்குமுங்க." லோப்பின் உச்சி அப்படியே இருக்க, பின்பக்க வட்டம் அரை மில்லிமீட்டர் சுருங்கினால் டேப்பட் அரை மில்லி கூடுதலாக எழும்பும். ராக்கரின் விகிதம் ஏறக்குறைய 1.4 என்பதால் வால்வு 0.7 மில்லி கூடுதலாகத் திறக்கும். பக்கவாட்டுச் சரிவையும் மாற்றிக் கடைந்தால் வால்வு திறந்திருக்கும் கால அளவும் நீளும்.

இந்த அரை மில்லிக்கு மேல் பேராசைப்படாமல் இருக்க இரண்டு காரணங்கள். முதலாவது, வார்ப்பிரும்பு கேமின் கடினத்தோல். அதற்கு ஓர் ஆழம்தான் உண்டு. அதைத் தாண்டிக் கடைந்தால் கீழே இருப்பது மெத்தென்ற இரும்பு. கிரைண்டிங் முடிந்ததும் லோப்பில் ராக்வெல் சோதனை பார்க்கச் சொல்லுங்கள். ஐம்பதை ஒட்டி வந்தால் நிம்மதி, நாற்பதுகளின் தொடக்கத்தில் நின்றால் மீண்டும் கடினப்படுத்தாமல் வாங்க வேண்டாம்.

இரண்டாவது காரணம் இந்த என்ஜினுக்கே உரியது. ஹெட்டில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து இன்லெட் வழி இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரே வழியில் மூச்சு வாங்குகின்றன, மூன்றும் நாலும் இன்னொன்றில். ஃபயரிங் வரிசை 1-3-4-2. அதாவது இரண்டாவது சிலிண்டர் இழுத்து முடிக்கும் முன்பே ஒன்றாவது அதே வழியில் இழுக்கத் தொடங்கிவிடும். என் வண்டியின் பழைய கேமில் இன்லெட் வால்வு திறந்திருந்தது சுமார் 230 டிகிரி. இரண்டு சிலிண்டர்களுக்கும் இடைவெளி 180 டிகிரி என்பதால் 50 டிகிரிக்கு இரண்டு வால்வும் சேர்ந்தே திறந்திருக்கும். எம்.ஜி.ஏ. கேமில் 252 டிகிரி, எனவே அது 72 ஆகிவிடும். இன்னும் நீட்டினால் ஒருவர் தட்டில் மற்றவர் கைவைக்கும் கதைதான்; ஐட்லிங்கில் வண்டி நொண்டும். பெரியவரிடம் நான் கேட்டது 240-ஐச் சற்றே தாண்டிய அளவு. "ரேஸ் கேம்" என்று சொல்லி 280 டிகிரியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது 5000 ஆர்.பி.எம்.முக்கு மேல் வாழும் என்ஜினுக்கு. அம்பாசிடரின் உச்ச சக்தியே 4000-ஐக் கொஞ்சம் தாண்டிய இடத்தில்தான்.

அடிவட்டம் சுருங்கினால் டேப்பட் அரை மில்லி கீழே இறங்கும், புஷ்ராடும் கூடவே இறங்கும். அந்த இடைவெளியை ராக்கர் ஸ்க்ரூவை முறுக்கியே சரிக்கட்டுவதுதான் பல இடங்களில் வழக்கம். ஸ்க்ரூ நீண்டு நின்றால் ராக்கரின் கோணம் கெடும், வால்வு கைடு ஒரு பக்கமாகத் தேயும். நீளமான புஷ்ராடு தேடி உக்கடம் பழைய சாமான் கடைகளில் அலையலாம். அதைவிட எளிய வழி, ஹெட்டை அரை மில்லி ஃபேஸிங் அடிப்பது. ராக்கர் ஷாஃப்டும் ஹெட்டோடு அரை மில்லி இறங்கிவிடும், கணக்கு நேராகிவிடும். வால்வு நேரம் நீண்டதால் சற்றுக் குறையும் கம்ப்ரஷனும் அதிலேயே ஓரளவு திரும்பக் கிடைக்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஹெட்டை இறுக்கும் முன் பிஸ்டன் தலையில் குழந்தைகளின் களிமண்ணை ஒட்டி, என்ஜினைக் கையால் சுற்றி, வால்வு பதிந்த இடத்தை அறுத்துப் பாருங்கள். இரண்டு மில்லி கனம் மிச்சம் இருந்தால் பயமில்லை. வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

டேப்பட்டில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. கடைந்த கேமில் பழைய டேப்பட்டைப் போட்ட நண்பர் ஒருவரின் வண்டியில் சில மாதத்திலேயே இரண்டு லோப்கள் மொட்டையாகிவிட்டன. டேப்பட்டின் அடிப்பாகம் பார்க்கத் தட்டை, உண்மையில் நூலிழை குவிந்திருக்கும். லோப்பின் முகமும் லேசாகச் சாய்ந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் டேப்பட் சுழலும், சுழன்றால்தான் தேயாது. தேய்ந்து குழிந்த டேப்பட் சுழலாது.

டைமிங் செயினில் புள்ளிக்குப் புள்ளி வைத்து மூடிவிடுவது பழைய கேமுக்குப் போதும். கடைந்த கேமுக்கு கிராங்க் புல்லியில் டிகிரி தட்டு மாட்டி, டேப்பட்டின் மேல் டயல் வைத்துப் பார்க்க வேண்டும். உச்ச லிஃப்ட் கிரைண்டர் சொன்ன டிகிரியில் வருகிறதா? இரண்டு மூன்று டிகிரி தள்ளினால் ஆஃப்செட் சாவி போட்டுத் திருத்தலாம். சந்தேகமிருந்தால் கேமைச் சற்று முன்னதாக வையுங்கள், கீழ் வேகத்தில் புல்லிங் நிற்கும்.

முதல் ஸ்டார்ட்டில்தான் கேமின் ஆயுள் தீர்மானமாகிறது. லோப்களிலும் டேப்பட் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல், பாயிண்டில் இக்னிஷன் எல்லாம் தயார் செய்துவிட்டே சாவியைத் திருப்ப வேண்டும். செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேஸ்ட் வழித்துக்கொண்டு போய்விடும். என்ஜின் பிடித்ததும் ஐட்லிங்கில் விடாமல் இருபது நிமிடம் 2000-க்கும் 2500-க்கும் இடையில் ஓட்டுங்கள். லோப்களுக்கு ஆயில் தெறித்துத்தான் வருகிறது, மெதுவான ஓட்டத்தில் அது போதாது. இன்றைய பெட்ரோல் கார் ஆயில்களில் துத்தநாகச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள். தட்டை டேப்பட் என்ஜினுக்கு டீசல் லாரிகளுக்கான 15டபிள்யூ-40 வகையோ பழைய பாணி 20டபிள்யூ-50-யோ தேவலாம். டேப்பட் இடைவெளியைப் புத்தகத்தில் உள்ள 15 தவ் என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள், சரிவை மாற்றியவர் சொல்லும் அளவே செல்லும்.

பிறகு எஸ்.யு. கார்புரேட்டரில் ஒரு படி கொழுத்த கலவை தரும் ஊசி, டிஸ்ட்ரிபியூட்டரில் சிறு திருத்தம். மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏற்றத்தில் இரண்டாம் கியரில் என் வண்டி முன்பைவிடச் சுகமாக ஏறுகிறது, கொண்டை ஊசி வளைவில் வேகம் ரொம்பக் குறைந்தால் மட்டும் சிணுங்குகிறது. டாப் கியரில் முப்பதில் உருட்டியே பழகிய அப்பாவும் அதே வண்டியை ஓட்டுவார் என்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஹெட்டைச் சுத்தம் செய்து, வால்வு லேப்பிங் பிடித்து, டேப்பட்டைச் சரியாக வைத்தாலே அவருக்குப் போதும், செலவும் கால்வாசி.