காய் எடுப்புக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள்: அடிவாரத்துப் பெற்றோர் இப்போதே செய்ய வேண்டியவை

ஐப்பசி பிறந்துவிட்டது. பொட்டிபுரத்துக்கு மேற்கே மத்தியானத்துக்கு மேல் மலை தெரிவதில்லை; மேகம் இறங்கிவிடுகிறது. மேலே கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு மும்முரம். சிலமலை, ராசிங்காபுரம், சங்கராபுரம், தேவாரம் என்று அடிவாரம் முழுக்க விடியுமுன்னே ஜீப் ஏறுகிறவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. இதே இரண்டு மூன்று மாதத்தில்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்வலி, அம்மை என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். கை நிறையக் கூலி கிடைக்கிற காலமும் பிள்ளை படுத்துக்கொள்கிற காலமும் ஒன்றாக வந்து நிற்பதுதான் இந்தப் பக்கத்துப் பெற்றோரின் பாடு.

காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று எந்தப் பள்ளியிலும் சொல்வார்கள். சரியான பேச்சுதான். ஆனால் அம்மா மலையில், அப்பா மலையில், வீட்டில் யார் இருக்கிறார்கள்? அதற்குப் பதில் இல்லாத வீட்டில் அந்த விதி ஒரு நாள்கூட நிற்காது. அதனால் மற்ற யோசனைகளுக்கு முன்னால் ஒரு வேலையை இந்த வாரமே முடியுங்கள்.

முதலில் ஆள்

பள்ளிப் பதிவேட்டில் உங்கள் செல்பேசி எண் இருக்கும். போடிமெட்டுக்கு மேலே தோட்டத்துக்குள் போய்விட்டால் பாதி இடத்தில் டவர் எடுக்காது. எடுத்தாலும் பை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். ஆகவே ஊருக்குள்ளேயே இருக்கிற ஒருவரின் எண்ணை இரண்டாவது எண்ணாகக் கொடுங்கள். கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் பள்ளிக்கு வந்து சேரக்கூடியவராக இருக்க வேண்டும். அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் நல்லது. அவர்களும் ஏலக்காய் ஸ்டோருக்குக் காய் பொறுக்கப் போகிறவர்கள் என்றால் பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள். எண்ணைக் கொடுத்தால் மட்டும் போதாது. அவரை ஒரு முறை நேரில் கூட்டிக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியரிடம் காட்டி, இன்னாரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். தெரியாத ஆளிடம் எந்த ஆசிரியரும் பிள்ளையை விடமாட்டார், விடவும் கூடாது.

ஒரே ஜீப்பில் போகிற நாலைந்து குடும்பங்கள் முறை வைத்து ஒருவரை ஊரில் நிறுத்துவதும் நடக்கிற காரியம்தான். அன்றைய கூலி அவருக்கு இல்லாமல் போகும். அதை மற்றவர்கள் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால் முணுமுணுப்பு வராது. நாலைந்து பிள்ளைகளில் யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கும் வாரங்களில் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுங்கள். கழிப்பறை, குடிநீர்த் தொட்டி பற்றிப் பேசுகிற இடம்தானே அது.

இன்னொரு காரணமும் உண்டு. கனமழை பெய்தால் போடிமெட்டுச் சாலையில் மண் சரியும், பாறை உருளும். அந்தப் பதினேழு கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒன்றில் வழி அடைபட்டால் ஜீப் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ராத்திரி பிள்ளை யார் வீட்டில் சாப்பிட்டு யார் வீட்டில் படுக்கும் என்பது உங்களுக்கும் பிள்ளைக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் சிரப், மத்தியானம் காய்ச்சல்

ஆள் இல்லாத வீடுகளில் நடப்பது இதுதான். நெற்றி சுடுகிறது, பாரசிட்டமால் சிரப் ஒரு மூடி கொடுத்து, காய்ச்சல் இறங்கியதும் அனுப்பிவிடுகிறார்கள். அந்த மருந்து நாலிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும். சரியாகச் சத்துணவு நேரத்தில் பிள்ளை மறுபடி சுடும். அதற்குள் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் தொற்றியிருக்கும். மருந்து எதுவும் தராமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.

சிரப்பைப் பற்றி ஒரு சொல். 5 மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து உள்ள பாட்டிலும் கிடைக்கிறது, 250 மில்லிகிராம் உள்ளதும் கிடைக்கிறது. மூத்தவனுக்கு வாங்கிய பாட்டிலை அதே மூடி அளவில் சின்னவளுக்குக் கொடுத்தால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம்தான் ஒரு வேளைக்கு. 20 கிலோ பிள்ளைக்கு அதிகபட்சம் 300 மில்லிகிராம். டெங்கு காலத்தில் பாரசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வகைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். இருமல் சிரப்பை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கவே வாங்காதீர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது 2025 அக்டோபரில் தெரியவந்தது. அதைக் குடித்த பிள்ளைகள் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா பக்கம் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சாதாரணச் சளி இருமலுக்கு வெந்நீரும் ஓய்வும் போதும். மூச்சு வாங்கினாலோ விலா உள்ளிழுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டெங்கு கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள், ஜீப் இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், சிமெண்ட் தொட்டியையும் குடத்தையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் அந்த வாரத்துக் கொசு அங்கே பிறக்காது. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி, கொட்டாங்குச்சி, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாம் இதில் சேர்த்தி. இங்கே பலரும் ஏமாந்துபோகிற ஒரு விஷயம்: மூன்றாம் நாள் நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று மலைக்குப் போய்விடுவது. ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் 108. நிலவேம்புக் குடிநீர் குடித்தாயிற்று என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அரைஞாண் கயிற்றுக்குக் கீழே பாருங்கள்

டெங்குவை எல்லோரும் பேசுகிறார்கள். மலையடிவாரத்தில் அதற்குச் சமமாகக் கவனிக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது இது. மழை தொடங்கியதிலிருந்து தை வரைக்கும் தமிழ்நாட்டில் அதிகம் தென்படும். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஆடு மேய்க்கும் தாத்தாவோடு ஓடைக்கரைக்குப் போகிற பிள்ளை, விறகு பொறுக்கப் போகிற பிள்ளை, பள்ளிக்குப் பின்னால் புதரில் பந்து தேடுகிற பிள்ளை எல்லோருக்கும் வரலாம்.

கடித்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. வலிக்காது, அரிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. அது இருக்கிற இடமும் மறைவான இடம்: அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, ஜட்டி எலாஸ்டிக் பதிகிற இடம். காய்ச்சல் ஐந்தாம் நாளும் விடவில்லையென்றால் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி உடம்பு முழுக்கப் பாருங்கள். பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் பிள்ளை புதர்ப் பக்கம் விளையாடியதைச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பொருக்கு வராது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற மலிவான மருந்திலேயே கேட்டுவிடும் நோய் இது. தாமதமானால் நுரையீரல், மூளை வரை போகும். போடி அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். அங்கிருந்து அனுப்பினால் க. விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். சாயங்காலம் விளையாடிவிட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவதும், போட்டிருந்த துணியை உடனே துவைக்கப் போடுவதும்தான் தடுப்பு.

மற்றவை சுருக்கமாக. அம்மை போட்ட பிள்ளையை வேப்பிலை வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே விடாத நம் வழக்கம் பள்ளி விதியைவிடக் கறாரானது. கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகுதான் பள்ளி. ஆனால் அம்மை என்பதற்காக மருத்துவரிடம் காட்டக் கூடாது என்பதில்லை. பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் கண்ட நாளிலிருந்து ஐந்து நாள் வீட்டில் இருக்கட்டும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவதால் குணமாவதும் இல்லை, பிள்ளை அதைத் தொலைத்துவிட்டு வருவதுதான் மிச்சம். மெட்ராஸ் ஐ வந்தால் பீளை நிற்கும்வரை அனுப்பாதீர்கள். தாய்ப்பால் விடுவது, கடையில் கேட்ட சொட்டு மருந்தை விடுவது இரண்டும் வேண்டாம். சிரங்குக்கு வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே ராத்திரியில் மருந்து பூசினால்தான் தீரும். பேனுக்காகப் பள்ளியை நிறுத்த வேண்டியதில்லை. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம் அரை டம்ளர் என்று கலக்காதீர்கள். வயது ஐந்துக்குள் என்றால் கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்.

தோட்டத்துக் கேன் பள்ளிப் பையில் வேண்டாம்

ஏலச்செடிக்கு இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் வராமல் இருக்க மருந்து அடிக்காத தோட்டம் அபூர்வம். மருந்து அடித்த செடிக்குள் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற உடம்பிலும் துணியிலும் அது ஒட்டியிருக்கும். ஜீப்பை விட்டு இறங்கியதும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளையைத் தள்ளிவிட மனம் வராதுதான். இருந்தாலும் கை, முகம், கால் கழுவித் துணி மாற்றிவிட்டுத் தூக்குங்கள். தோட்டத்துத் துணியைப் பள்ளிச் சீருடையோடு ஊறவைக்காதீர்கள். காலி மருந்துக் கேன் கெட்டியாக இருக்கிறது என்று தண்ணீர் பிடித்து வைப்பதும், சின்ன பாட்டிலைக் கழுவிப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துவிடுவதும் சில வீடுகளில் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அந்தப் பிளாஸ்டிக் மருந்தை விடாது. கேனை ஓட்டை போட்டுத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைக்கு எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, வாந்தியோடு மயங்கினால் பூச்சி மருந்து சந்தேகம் என்று 108-இல் சொல்லுங்கள். மருந்தின் பெயர் போட்ட லேபிளும் கையோடு போகட்டும்.

பள்ளியில் நர்ஸ் கிடையாது. மாத்திரையைப் பையில் போட்டு, மத்தியானம் போட்டுக்கொள் என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள்; இன்னொரு பிள்ளை எடுத்துத் தின்னும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் மருத்துவர் சீட்டின் நகலையும் மருந்தையும் வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுத்து விளக்குங்கள். நடமாடும் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒரு முறை பள்ளிக்கு வந்து கண், பல், காது, இதயம் எல்லாம் பார்க்கும். குறை தெரிந்தால் சீட்டு எழுதிப் பிள்ளை கையில் தருவார்கள்; அந்தச் சீட்டு பெரும்பாலும் நோட்டுக்குள்ளேயே மடங்கிக் கிடக்கும். இன்றைக்கே பையைக் கொட்டிப் பாருங்கள். ஐந்து வயதில் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசியும் பத்து வயது டி.டி. ஊசியும் விட்டுப்போயிருந்தால் ஏதாவது ஒரு புதன்கிழமை கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் போட்டுவிடலாம்.

கடைசியாக, மழை விடுமுறை. ஆட்சியர் அறிவிப்பு பல நாள் காலை ஆறு ஏழு மணிக்குத்தான் வருகிறது. அதற்குள் ஜீப் மலை ஏறிவிடும். பள்ளி இருக்கிறதென்று நினைத்துப் பிள்ளை ஓடையைத் தாண்டிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும். இரண்டாவது எண் கொடுத்தவரிடம் இதையும் ஒப்படையுங்கள்: அறிவிப்பைக் கேட்டுப் பிள்ளையை நிறுத்த வேண்டியது அவர் பொறுப்பு. விடுமுறையென்றால் பள்ளியில் காலை உணவும் கிடையாது, சத்துணவும் கிடையாது. மழை கறுத்திருக்கிற ராத்திரிகளில் ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட்டு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போங்கள். பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில், மூடியோடு.