மூலிகைத் தொட்டியும் ஈரப்பத உணரியும்

தில்லியின் துவாரகாவில் கற்பூரவள்ளிச் செடி வேண்டுமென்று நர்சரியில் கேட்டால், ‘அஜ்வைன்’ என்று சொல்லியே எடுத்துத் தருவார்கள். அஜ்வைன் என்னும் இந்திச் சொல் உண்மையில் ஓமத்தைக் குறிப்பது. இலையின் மணம் ஒத்திருப்பதால் கற்பூரவள்ளிக்கும் அப்பெயர் வந்தது. ஓமமோ விதைக்காகப் பயிரிடப்படும் ஓராண்டுச் செடி. கற்பூரவள்ளி, தண்டை ஒடித்து நட்டாலே வேர்விடும் பல்லாண்டுச் செடி. பள்ளி மாணவர்க்கு மூலிகைப் பாடத்தை இந்தப் பெயர்க் குழப்பத்திலிருந்து தொடங்குவதே நன்று எனக் கருதுகிறோம். செடியை அடையாளம் காணாதவர் அதன் மருத்துவ குணத்தைப் படித்துப் பயனில்லை.

அடுத்த படி, நீர். பள்ளித் தோட்டங்களில் இப்போது சென்சார் எனப்படும் ஈரப்பத உணரியும் சிறு பம்பும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. மண் உலர்ந்தால் பம்ப் ஓடும், நனைந்தால் நிற்கும். நீர்ச் சிக்கனத்துக்கு உகந்த ஏற்பாடுதான். ஆயினும் துவாரகா அமைந்துள்ள தென்மேற்குத் தில்லியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அங்கேதான் கருவி தடுமாறுகிறது.

விலை குறைந்த உணரிகளுள் ஒருவகை, மண்ணில் செருகிய இரு முனைகளுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதையே அளக்கிறது. நீர் மிகுந்தால் மின்கடத்தல் கூடும். உப்பு மிகுந்தாலும் கூடும். உவர்நீரைத் தொடர்ந்து ஊற்றினால் நீர் ஆவியாகி, உப்பு மண்ணில் தங்கிவிடும். கருவி அதனையும் ஈரமாகவே கணக்கிடும். பம்ப் ஓடாது, துளசி வாடும்.

இதனை மாணவர்களே சோதித்தறியலாம். வெயிலில் நன்கு உலர்த்திய 1 கிலோ மண்ணை எடுத்து, 50 மி.லி. நீரை ஊற்றிக் கலந்து, உணரி காட்டும் எண்ணைக் குறிக்க வேண்டும். பிறகு மீண்டும் 50 மி.லி.; மீண்டும் குறிப்பு. 50 மி.லி. நீரின் எடை 50 கிராம் என்பதால் தராசே இதற்குச் சாட்சி. மற்றொரு கிலோ மண்ணில் உப்புக் கரைத்த நீரைக் கொண்டு இதையே செய்தால், ஏறத்தாழ அதே எடைக்கு வேறோர் எண் வரும். வங்கிக் கணக்குப் புத்தகத்தைத் தம் சொந்தக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு இப்பழக்கம் புதிதன்று.

எல்லாச் செடிக்கும் ஒரே அளவை நிர்ணயிப்பதும் தவறு. வல்லாரை எப்போதும் ஈரத்தை நாடும். அதே ஈரத்தில் கற்றாழையின் வேர் அழுகும். தில்லிக் குளிர் டிசம்பர், ஜனவரி இரவுகளில் சில வேளை 5 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது துளசி இலையுதிர்ப்பது நீரின்மையால் அன்று. அப்போது பம்பை ஓடவிட்டால் கேடே விளையும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைநீரைச் சேமித்து, அடித்துளையுள்ள தொட்டியில் தாராளமாக ஊற்றி வடியவிட்டால், தேங்கிய உப்பில் பெரும்பகுதி கரைந்து வெளியேறும். அதன்பின் உணரி காட்டும் எண்ணை மாணவர்கள் மீண்டும் தராசோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.