ஃபிட்னஸ் பேண்ட் மாற்றி வாங்கும் முன்...

நடைப்பயிற்சிக்குச் செல்பவர்களில் பலருடைய மணிக்கட்டில் இன்று ஃபிட்னஸ் பேண்டோ ஸ்மார்ட் வாட்ச்சோ இருக்கிறது. ஓரிரு ஆண்டுகளில் அது பழுதானதும், "இந்த முறை நன்றாக உழைக்கிற, எல்லா வசதியும் உள்ள ஒன்றாக வாங்கிவிடலாம்" என்று கடைக்குப் போகிறோம். அங்கே பெட்டியின் மேல் வசதிகளின் பட்டியல் நீளமாக இருக்கிறது. அதில் எதை நம்பிப் பணம் கொடுக்கலாம், எதை நம்பக் கூடாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பழையது ஏன் பழுதானது?

முதலில் இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். ஸ்ட்ராப் மட்டும் அறுந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். சார்ஜ் ஏறவில்லை என்றால், பின்புறமுள்ள உலோகப் புள்ளிகளில் வியர்வையின் உப்பு படிந்திருக்கலாம். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் பார்த்தால் சில நேரம் சரியாகிவிடும். இப்படிச் சரிசெய்ய முடிந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குவது வீண் விரயம்.

புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால், 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகலத்தில் பொதுவான ஸ்ட்ராப் பொருந்தும் மாடலாகப் பாருங்கள். அந்த அளவு ஸ்ட்ராப் எங்கும் கிடைக்கும். அந்த ஒரு மாடலுக்கென்றே செய்த ஸ்ட்ராப் சில ஆண்டுகளில் கிடைக்காமல் போகலாம்.

பேட்டரியின் கணக்கு

இந்தக் கருவிகளில் இருப்பது லித்தியம் அயன் வகை பேட்டரி. சில நூறு முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியதும் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். தினமும் சார்ஜ் செய்ய வேண்டிய வாட்ச் ஓர் ஆண்டில் 365 முறை சார்ஜ் ஆகிறது. பத்து நாளைக்கு ஒருமுறை சார்ஜ் கேட்கும் பேண்ட் ஆண்டுக்கு ஏறத்தாழ 36 முறைதான் சார்ஜ் ஆகிறது. பெரிய திரையும் அதிக வசதிகளும் உள்ள வாட்ச்சைவிட எளிமையான பேண்ட் நீண்ட நாள் உழைப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பேட்டரியில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. ஃபிட்பிட் நிறுவனத்தின் அயனிக் என்ற வாட்ச், பேட்டரி சூடாகிச் சிலருக்குத் தீக்காயம் ஏற்படுத்தியதால், 2022 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. உங்கள் வாட்ச் சார்ஜ் ஆகும்போது அளவுக்கு மீறிச் சூடானாலோ, உள்ளே உப்பித் திரை மேலே தூக்கிக்கொண்டாலோ, உடனே கழற்றி வைத்துவிடுங்கள்.

தண்ணீர் தாங்குமா?

"5 ஏடிஎம்" என்று பெட்டியில் எழுதியிருந்தால் 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கலாம் என்று பொருளல்ல. அந்த ஆழத்தில் அசையாத நீர் தரும் அழுத்தத்தைத் தாங்கும் என்றுதான் பொருள். சாதாரண நீச்சலுக்கு அது போதும். ஆனால் வெந்நீர், நீராவி, சோப்பு ஆகியவை உள்ளிருக்கும் ரப்பர் அடைப்பை நாளடைவில் கெடுத்துவிடும்.

உளூச் செய்யும்போது ஸ்ட்ராப்புக்கு அடியிலும் தண்ணீர் பட வேண்டும். அதனால் நம்மவர்கள் ஒரு நாளில் பலமுறை அதைக் கழற்றி மாட்டுகிறார்கள். எனவே கடையிலேயே கொக்கியை நாலைந்து முறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். மாட்டும் முன் கையையும் ஸ்ட்ராப்பையும் துடைத்துக்கொண்டால் தோல் அரிப்பும் வராது.

ஆப் எத்தனை நாள் இருக்கும்?

கருவி நன்றாக இருந்தும் அதன் ஆப் நின்றுபோனால் பயன் குறைந்துவிடும். ஒரு காலத்தில் பலரும் விரும்பி வாங்கிய பெபிள் வாட்ச்சைத் தயாரித்த நிறுவனம் 2016 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் இணையச் சேவைகளும் 2018 ஜூனில் நிறுத்தப்பட்டன. பெயர் தெரியாத நிறுவனத்தின் மலிவான வாட்ச்சை வாங்கும் முன், அதன் ஆப் அண்மையில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று போனில் பாருங்கள். சில வசதிகளுக்கு மாதக் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

எந்த வசதியை நம்பலாம்?

நடந்த அடிகளின் எண்ணிக்கை, தூங்கிய நேரம், நாடித்துடிப்பு ஆகியவற்றை ஏறக்குறைய அறிந்துகொள்ளலாம். நாடித்துடிப்பைப் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி அளக்கிறார்கள். ஸ்ட்ராப் தளர்வாக இருந்தால் கணக்குத் தவறும். ஜிபிஎஸ் வேண்டுமென்றால் அது வாட்ச்சிலேயே உள்ளதா, போனுடையதைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது வகையில் நடக்கும்போது போனையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

ரத்த அழுத்தத்தில் எச்சரிக்கை தேவை. சாம்சங் கேலக்சி வாட்ச்களில் இந்த வசதியைப் பயன்படுத்த, புயத்தில் கட்டி அளக்கும் கருவியோடு 28 நாளுக்கு ஒருமுறை ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். அப்படி எதுவும் கேட்காமல் அழுத்தத்தைக் காட்டும் மலிவு வாட்ச்சின் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது சர்க்கரை அளவு. "ஊசி குத்தாமலே சர்க்கரை பார்க்கலாம்" என்ற விளம்பரத்தோடு வாட்ச்களும் மோதிரங்களும் விற்கப்படுகின்றன. அப்படித் தானாக அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. புயத்தில் ஒட்டி, தோலுக்குள் மெல்லிய இழை செல்லும் சென்சார் வேறு. அது அளந்த எண்ணை வாட்ச் காட்டுவதில் தவறில்லை. வாட்ச் தானே அளந்ததாகக் காட்டும் எண்ணைப் பார்த்து ஒருவர் இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். ஊரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பிள்ளைகள் அன்பாக வாங்கித் தந்த வாட்ச் என்றாலும் இதில் மாற்றமில்லை. வீட்டில் அத்தாவோ அம்மாவோ அந்த எண்ணைப் பார்த்து மருந்து எடுக்கிறார்களா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

ஆகவே வசதிகள் அதிகமாக இருப்பதைவிட, இருக்கும் சில வசதிகள் சரியாக வேலை செய்வதே மேல். பில்லும் வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். பழைய வாட்ச்சில் உள்ள உங்கள் விவரங்களை அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படையுங்கள். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் கணக்கு வைக்க எளிய பேண்ட் ஒன்றே போதும்.